கோபுரத்தின் தலையை வெட்ட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பழைய ஸ்லைடுகளை, அதாவது சட்டத்தில் பொருத்திய சிறு பிலிம் படங்களை, ஸ்கேன் செய்து டிஜிட்டல் புரொஜெக்டரில் காட்டும் முயற்சிகளை இப்போது விழாக்களிலும் கல்லூரிகளிலும் காண முடிகிறது. மிகவும் தேவையான பணி அது. ஆனால், அகலத்திரை முழுவதையும் நிரப்ப வேண்டும் என்பதற்காகப் படங்களை வெட்டிவிடும் வழக்கமும் அதனுடன் சேர்ந்து வந்துவிட்டது; அதைப் பற்றியே இக்கடிதம்.

ஸ்ரீரங்கத்தில் நூற்றாண்டுகளாக மொட்டைக் கோபுரமாக நின்ற தெற்குக் கோபுரம், 1979இல் திருப்பணி தொடங்கி, 1987இல் 13 நிலைகளும் 236 அடி உயரமும் கொண்ட ராஜகோபுரமாகக் குடமுழுக்குக் கண்டது. அந்த எட்டு ஆண்டுகளும், சாரம் ஏற ஏறக் கோபுரமும் ஏறிய காட்சியை, பெரும்பாலும் கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பிப் பிடித்து, ஸ்லைடு பிலிமில் எடுத்துவந்தேன். அவற்றில் 80 படங்களைத் தேர்ந்து, புரொஜெக்டரின் வட்டத் தட்டில் அடுக்கி, பள்ளிக்கூடங்களில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் பலமுறை காட்டியிருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு நிகழ்ச்சிக்காக அந்த 80 ஸ்லைடுகளையும் டிஜிட்டலாக மாற்றித் தரும்படி ஒருவரிடம் கொடுத்தேன். படங்கள் பளிச்சென்று வந்திருந்தன. ஆனால் கோபுரத்துக்குக் கலசமும் இல்லை, வாசலும் இல்லை. நடுவிலுள்ள சில நிலைகள் மட்டும் திரை முழுக்கப் பரந்து நின்றன. பார்த்தவர்கள் கைதட்டினார்கள். எனக்குத்தான் நெஞ்சு பதைத்தது.

இது ஏன் நேர்கிறது என்பது எளிய கணக்கு. 35 மி.மீ. ஸ்லைடில் படத்தின் அளவு 36க்கு 24 மி.மீ.; இன்றைய அகலத்திரையின் விகிதம் 16க்கு 9. கிடைமட்டமாக எடுத்த படத்தைத் திரை நிரம்ப வெட்டினால் உயரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போகும். நெட்டுக்குத்தாக எடுத்த படத்தை அப்படி வெட்டினால் 36 மி.மீ. உயரத்தில் பதின்மூன்றரை மி.மீ. மட்டுமே மிஞ்சும், படத்தில் பாதிக்கும் மேல் காணாமல் போய்விடும். வெட்டாமல் இழுத்து நிரப்புவோரும் உண்டு. அதில் கோபுரம் குட்டையாகிப் பருத்துவிடும் என்பதால், அது வெட்டுவதைவிடவும் மோசமானது.

வெட்டாமல் காட்டினாலும் ஒரு சிக்கல் இருக்கத்தான் செய்கிறது. ஸ்லைடின் சட்டம் சதுரமானது, நாங்கள் கட்டிய திரையும் சதுரமானது. அதனால் தெருவைக் காட்டும் படமும் கோபுரத்தைக் காட்டும் படமும் ஒரே அளவில் விழுந்தன. 1920க்கு 1080 பிக்சல் கொண்ட திரையிலோ தெருப் படம் 1620 பிக்சல் அகலத்துக்கு விரிய, கோபுரப் படம் 720 பிக்சல் அகலத்துக்குள் ஒடுங்குகிறது. தெருவில் வரும் தேர் பெரிதாகவும் கோபுரம் சிறிதாகவும் தெரிந்தால், அந்தக் காட்சித் தொடரை எதற்காக அமைத்தேனோ அதுவே குலைந்துவிடும். எனவே நான் தெருப் படங்களையும் சற்றுச் சுருக்கி, இரண்டு வகைக்கும் நீண்ட பக்கம் ஒரே அளவாக வரும்படி அமைத்துக்கொண்டேன். சுற்றிலும் கருப்பாக இருக்கும் இடம் கண்ணை உறுத்துவதில்லை. இருட்டிய கூடத்தில் அது திரையின் பகுதியாகவே தெரிவதில்லை.

அகலத்திரையால் ஒரு நன்மையும் கிடைத்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். நெட்டுக்குத்தான இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் 1440 பிக்சல்தான் ஆகிறது. மொட்டையாக நின்ற கோபுரத்தையும் நிறைவுற்ற கோபுரத்தையும் அவ்வாறு ஒரே திரையில் சேர்த்துக் காட்டியபோது, ஒற்றைப் புரொஜெக்டரை வைத்துக்கொண்டு நான் வாயால் விளக்கிய வளர்ச்சியை, பிள்ளைகள் தாமே கண்டு சொன்னார்கள்.

இப்பணியில் ஈடுபடுவோரிடம் மேலும் சிலவற்றைக் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன். ஸ்கேன் செய்த மூலக் கோப்பை வெட்டாமல், நிறம் திருத்தாமல் முழுமையாகப் பாதுகாத்து, திரைக்கு வேண்டியதை அதன் நகலில் மட்டும் செய்யுங்கள். 4000 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 4000 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்தால் நீளவாக்கில் 5600 பிக்சலுக்கு மேல் கிடைக்கும் என்பதால், நாளை இதைவிடப் பெரிய திரை வந்தாலும் அது கைகொடுக்கும். சட்டத்தின் மேல் பேனாவால் எழுதிய தேதியையும் குறிப்பையும் தனியே படம் பிடித்து வையுங்கள். எங்கள் தலைமுறையின் பல படங்களுக்கு அதைத் தவிர வேறு சான்று கிடையாது. ஸ்கேன் முடிந்தவுடன் ஸ்லைடுகளைத் தூக்கி எறியவும் வேண்டாம்.

படங்களை எல்லாம் கோத்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நொடி என்று வைத்து, பாட்டையும் சேர்த்து வீடியோவாக்கித் தருவதையும் தவிர்க்கலாம். ஸ்லைடுக் காட்சி என்பது பேசுபவரின் கையில் இருந்த ஒன்று. ஒரு பிள்ளை கேள்வி கேட்டால் அந்தப் படம் பத்து நிமிடமும் நிற்கும். தனித்தனிப் படங்களாகவே கொடுத்துவிட்டால், அடுத்த படத்துக்கு எப்போது போவது என்பதைப் பேசுபவரே பார்த்துக்கொள்வார்.

என் 80 ஸ்லைடுகளையும் பேரனின் உதவியோடு மீண்டும் ஸ்கேன் செய்துவருகிறேன். இன்னும் 23 பாக்கி இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஸ்ரீரங்கம்.