சேர்வராயன் குகையும் பாறையின் வயதும்

ஆசிரியருக்கு,

ஏற்காடு சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். மலைமக்கள் தலைமுறை தலைமுறையாகக் கும்பிடும் சாமிகள். அந்த மலைக்கு அடித்தளமான சார்னோகைட் பாறை சுமார் 250 கோடி ஆண்டு பழையது, பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது என்கிறது நிலவியல். இதைத் தெரிந்துகொண்டால் பக்தி குறைந்துவிடுமா என்ன? எனக்கு அது அதிகமாகத்தான் ஆனது. ஆனால், ‘இதெல்லாம் நம் முன்னோருக்கு அன்றே தெரியும்’ என்று சாமியை அறிவியலுக்குச் சாட்சியாக இழுப்பது சரியில்லை. அது இரண்டுக்குமே மரியாதை அல்ல.

கோயிலுக்குப் போகும் வழியில் இந்தப் பாறையின் கதையைச் சொல்லும் பலகை ஒன்றைச் சுற்றுலாத் துறை வைக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் கும்பிட்டுவிட்டு அதையும் படிக்கட்டும்.

– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்