வசந்திக்கு, கப்பல் விஷயமா

அடியே வசந்தி,

நல்லாருக்கியா, முட்டி எப்படி இருக்கு, அண்ணனுக்கு சுகர் குறைஞ்சுதா, பேத்தி நடக்க ஆரம்பிச்சுட்டாளா. சரி, கேட்டாச்சு. இனிமே விஷயத்துக்கு வரேன், இத முழுசா படிச்சிட்டு அப்புறம்தான் நீ போன் எடுக்கணும், பாதியில கூப்பிட்டேன்னா எடுக்க மாட்டேன்.

போன வாரம் ஜெயந்தி பொண்ணு சிங்கப்பூர்லேர்ந்து கூப்பிட்டா. அம்மா வீட்ட விட்டு வெளிய வர்றதே இல்லையாம் ஆன்ட்டி, காய்கூட வாசல்ல வர்ற வண்டியிலதானாம், எங்க வீட்டுக்கு வந்து ஒரு மாசம் இரும்மான்னா பிபிங்கறாங்க, மழைங்கறாங்க, பூனைக்கு யாரு சோறு வைப்பாங்கறாங்கன்னு சொல்லிட்டே வந்தவ நடுவுல பேச்ச நிறுத்திட்டா, அழறான்னு தெரிஞ்சுது. நான் பாக்கறேன்மான்னேன். வேற என்னத்த சொல்ல? அவ வீட்டுக்காரர் மூர்த்தி சார் தவறிப் போனப்புறம் நாமளும்தான் காலையில குட்மார்னிங் அனுப்பறதோட நிறுத்திட்டோம்.

அப்பதான் நாம நாலு பேரும் கப்பல்ல டூர் போகணும்ங்கற நம்ம சரோவோட பழைய பாட்டு ஞாபகத்துக்கு வந்துச்சு. ஆமா, கப்பல்தான். சிரிக்காத. நீ "நமக்கெல்லாம் எதுக்குடி கப்பலு, கோடீஸ்வரன் போறது"ன்னு சொல்லி வாயடைச்சியே அதே கப்பல். நான் ராத்திரி உக்காந்து நோண்டிப் பாத்துட்டேன், கோடீஸ்வரனும் போறான், நம்மள மாதிரி பிஎஃப் காச எண்ணிட்டு இருக்கறவளும் போறா, கப்பல் ஒண்ணுதான், ரூமுதான் வேற. ஜன்னலே இல்லாத ரூம் இருக்கு பாரு, உள் கேபின், அதுதான் எப்பவும் விலை கம்மி. 150 சதுர அடி சொச்சம், நம்ம ஹாஸ்டல் ரூம விட பெருசா இருக்காது, ஆனா சாப்பாடு, நீச்சல்குளம், ராத்திரி நடக்கற ஷோ எல்லாம் பால்கனி ரூம்காரனுக்கும் நமக்கும் ஒண்ணேதான். தூங்கறதுக்கு எதுக்குடி ஜன்னலு? கடல் பாக்கணும்னா மேல டெக்குக்கு போய் நாள் பூரா பாரு, யாரு கேக்கப் போறா.

மொதல்ல சென்னையிலேர்ந்தே கிளம்பற கார்டீலியா கம்பெனியோட எம்ப்ரஸ் கப்பலதான் பாத்தேன். 2022 ஜூன்ல முதலமைச்சர் கொடியசைச்சு அனுப்பி வச்சாரே, அதான், பாண்டிச்சேரி வரைக்கும் போயும் கேசினோ இருக்குன்னு கரையில விடமாட்டேன்னுட்டாங்களே, பேப்பர்ல வந்து நாம சிரிச்சோமே. அடுத்த வருஷம் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு இலங்கைக்கும் விட்டாங்க. பிளேன் டிக்கெட் மிச்சம், அது பெரிய லாபம்தான், ஆனா அந்தக் கப்பல் முக்காவாசி நாள் பம்பாய் பக்கமே சுத்துது, சென்னைக்கு வர்ற சீசன் கொஞ்ச நாள்தான், நமக்கு தோதான தேதி மாட்டல. அந்த எம்ப்ரஸ் கப்பல் 1990ல கட்டினதாம்டி, நாம டிகிரி முடிச்ச வருஷம். சரோகிட்ட சொன்னா "அய்யோ அவ்ளோ பழசா"ங்கறா. உன் இடுப்ப விட அது நல்லா இருக்கும்னேன்.

அப்புறம் நம்ம பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஏஜென்ட் ஆபீஸ்ல போய் சிங்கப்பூர் கப்பல் கேட்டேன். மொதல்ல தலைக்கு இருபத்தஞ்சாயிரம்னான், காபி எல்லாம் வாங்கிக் குடுத்தான். காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள போர்ட் சார்ஜ் தனி மேடம், டிப்ஸ் தனி மேடம், ஜிஎஸ்டி தனி மேடம்னு ஏத்திட்டே போறான், எந்திரிக்கும்போது நாப்பத தாண்டிடுச்சு. இதுல அவன குத்தம் சொல்லவும் முடியல, எல்லாரும் விளம்பரத்துல போடறது அந்த மொத நம்பரதான். டிப்ஸுன்னா நாம இஷ்டப்பட்டு குடுக்கறதுன்னு நெனச்சேன், இல்ல, கட்டாயமாவே பில்லுல ஏறிடும், ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு இவ்வளவுன்னு, அமெரிக்க கம்பெனி கப்பல்னா 18 டாலர் பக்கம் வருது. அதனால யாரு என்ன விலை சொன்னாலும் நீ ஒரே கேள்விதான் கேக்கணும், எல்லாம் சேத்து கடைசியா எவ்வளவு கட்டணும். வெளிநாட்டு டூர் பேக்கேஜ்னா டிசிஎஸ்னு முன்கூட்டியே ஒரு வரி வேற பிடிப்பாங்க, அது வருமான வரி ரிட்டர்ன் போடும்போது திரும்ப வந்துடும், அண்ணன்கிட்ட கேளு, அவருக்குத் தெரியும்.

காசு போற ஓட்டை எல்லாம் கப்பல்ல ஏறினப்புறம்தான் இருக்கு. வைஃபை தனி, ஸ்பா தனி, போட்டோ எடுத்து மாட்டி வச்சிருப்பான் அது தனி, ஸ்பெஷல் ஓட்டல்னு சிலது இருக்கும் அங்க நுழையவே கூடாது. பஃபேல இட்லியிலேர்ந்து நூடுல்ஸ் வரைக்கும் கெடக்கும், அது போதும் நமக்கு. முக்கியமா, கப்பல் கிளம்பினதும் போன ஏரோபிளேன் மோட்ல போட்டுடணும். கப்பலுக்குன்னு ஒரு டவர் இருக்கு, அதுல தெரியாம மாட்டினா நீ அண்ணனுக்கு மாத்திரை சாப்டீங்களான்னு கேக்கறதுக்கே ஆயிரக்கணக்குல பில்லு வரும். நாம கப்பல்ல இருக்கற மூணு ராத்திரியும் அவரு மாத்திரைய அவரே எடுத்துப்பாரு.

என் யோசனை இதுதான். திருச்சியிலேர்ந்து சிங்கப்பூருக்கு நேர் பிளேன் இருக்கு. மொத நாளே போய் இறங்கிடணும், ஏன்னா கப்பல் நம்ம டவுன் பஸ் கிடையாது, கை காட்டினா நிக்காது. ராத்திரி ஜெயந்தி பொண்ணு வீட்டுல படுத்துக்கலாம், ஓட்டல் செலவு இல்ல. மறுநாள் அங்க மரீனா பே துறைமுகத்துல கப்பல் ஏறினா மலேசியாவுல இருக்கற பினாங்கு போயிட்டு திரும்ப சிங்கப்பூர். பிப்ரவரி கடைசியில போறோம். சீனப் புத்தாண்டு கூட்டம் ஓஞ்சிருக்கும், அவங்க ஊரு ஸ்கூல் லீவு மார்ச் நடுவுலதான், மழையும் அப்ப குறைவு. அதுலயும் வெள்ளிக்கிழமை கிளம்பற கப்பல விட ஞாயிறு, திங்கள் கிளம்பறது விலை இறங்கும், நமக்கென்ன, வெள்ளியும் திங்களும் ஒண்ணுதான். உனக்கு வாந்தி வரும்னு சொல்லுவ, அதையும் பாத்துட்டேன், மலாக்கா ஜலசந்திக்கு ஒரு பக்கம் சுமத்ரா மறைச்சுக்குது, நம்ம வங்காள விரிகுடா மாதிரி ஆட்டம் இருக்காது. கப்பலுக்கு நடுவுல, கீழ் மாடியில ரூம் கேட்டு வாங்கலாம், ஆட்டம் இன்னும் தெரியாது. அவோமின் நான் கொண்டு வரேன்.

பினாங்கு ஏன்னா, உங்க தாத்தா. நாகப்பட்டினத்துலேர்ந்து ரஜூலா கப்பல்ல டெக் டிக்கெட்டுல பாய விரிச்சு படுத்துட்டு போனவரு கதைய நீ ஹாஸ்டல்ல எத்தன தடவ சொல்லி எங்க உசுர வாங்கியிருக்க! ரஜூலாவுக்கு அப்புறம் சிதம்பரம்னு ஒரு கப்பல் ஓடுச்சு, 1985ல அது தீப்பிடிச்சதோட அந்த வழியே நின்னு போச்சு. அவரு இறங்கின ஊர நீ பாக்க வேணாமா? அங்க கப்பல் ஸ்வெட்டன்ஹாம் பியர்ல ஜார்ஜ் டவுன ஒட்டியே கட்டறான், இறங்கி நடந்தா லிட்டில் இந்தியா, குயின் ஸ்ட்ரீட்ல 1833ல கட்டின மாரியம்மன் கோயிலு, ஊருக்குள்ள சுத்த ஓசி பஸ் வேற இருக்கு. கப்பல்காரன் விக்கற டூர ஒரு பைசா குடுத்து வாங்க வேணாம். கோலாலம்பூருக்கு பக்கத்து துறைமுகமான கிள்ளான் போற கப்பலும் இருக்கு, ஆனா அங்கேர்ந்து கோலாலம்பூருக்கு டாக்சிக்கே காசு போயிடும், அதான் வேணாம்னேன்.

எல்லாம் சேத்து தலைக்கு எழுபதாயிரத்துக்குள்ள முடிக்கலாம்னு நெனக்கறேன். சரோ சரின்னுட்டா.

இப்ப ஜெயந்திக்கு வரேன். நான் போன் பண்ணினேன். "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்கடி, நான் வந்தா உங்களுக்கும் சந்தோஷம் கெடும்"னா. எனக்கு தொண்டைய அடைச்சுது. ஆறுதல் சொல்லிப் பிரயோஜனமே இல்லடி அவகிட்ட, பாவம்னு நாம நெனக்கறோம்னு தெரிஞ்சாலே கதவ சாத்திடுவா. ஆனா அவ யாரு? மெஸ் செக்ரட்டரி. ஒரு முட்டை கணக்கு இடிச்சதுக்கு வார்டன் ரூம் வரைக்கும் போனவ. நம்ம காசு வீணாப் போறதப் பாத்துட்டு அவளால சும்மா இருக்க முடியாது. கப்பல்ல விலையே ரூமுக்கு ரெண்டு பேருங்கற கணக்குலதான் போடறாங்க, ஒருத்தி தனியா ஒரு ரூம்ல படுத்தா கிட்டத்தட்ட ரெண்டு பேரு காசு கட்டணும். அதனால நீதான் அவளக் கூப்பிட்டு சொல்லணும், "நீ வரலேன்னா எங்கள்ல ஒருத்திக்கு டபுள் காசுடி, அது என் தலையிலதான் விழும்போல இருக்கு"ன்னு. நான் சொன்னா ஏதோ திட்டம்னு கண்டுபிடிச்சிடுவா, நீ சொன்னா நம்புவா, நீ நிஜமாவே கஞ்சம்.

மூணு பேரும் ஒரே ரூம்ல படுத்தா மூணாவது ஆளுக்கு விலை இன்னும் கம்மிங்கறத மட்டும் தப்பித்தவறிகூட அவகிட்ட ஒளறிடாத. அப்படியே கேட்டுட்டாலும், மூணாவது பெட்டு மேலேர்ந்து மடக்கி இறக்கறது, ஏணியில ஏறணும், கலாவும் ஏற மாட்டா நானும் ஏற மாட்டேன், சரோ ஏறினா கொறட்டையில கப்பலே திரும்பிடும்னு சொல்லு. இதெல்லாம் பொய் இல்லையே!

பாஸ்போர்ட் எடுத்து தேதி பாரு, திரும்பி வர்ற நாளுக்கு அப்புறமும் ஆறு மாசம் இருக்கணும். சிங்கப்பூர் விசா மல்டிபிள் என்ட்ரியா வாங்கணும், ஏன்னா கப்பல் ஏறினாலே நாட்ட விட்டுப் போன கணக்கு. மலேசியாவுக்கு 2023 டிசம்பர்லேர்ந்து நமக்கு விசா வேணாம்னு வச்சிருக்காங்க, போகும்போது இன்னொரு தடவ பாத்துக்கலாம். ஜெயந்தி பாஸ்போர்ட் உயிரோட இருக்கான்னு பொண்ணுகிட்ட கேட்டுட்டேன், இருக்கு. பூனைய எங்க வீட்டுக்காரர் பாத்துப்பாராம், அவருகிட்ட இன்னும் சொல்லல.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கூப்பிடு, ஜெயந்திய, என்னை இல்ல. பேசிட்டு அப்புறமா எனக்கு அடி.

கலா