தூக்குவது இருக்கட்டும், முதலில் பிரேக்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் ஜீப் மாடிஃபிகேஷன் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. படங்கள் பிரமாதம். இடுப்புயர டயர், கூரை மேல் வரிசையாக விளக்கு, முன்னால் இரும்பு பம்பர். எந்தச் சாமான் என்ன விலை, எங்கே கிடைக்கும் என்றெல்லாம் விவரமாகப் போட்டிருந்தீர்கள். ஆனால் அவ்வளவு பெரிய கட்டுரையில் பிரேக் என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. போடியில் ஜீப் பட்டறை வைத்திருக்கிறேன், தினமும் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்கிறவன், அதனால் இதை எழுதாமல் விட மனசு கேட்கவில்லை. கடிதம் நீளமாக இருக்கும், வெட்டிப் போட்டாலும் சரி, பிரேக் பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

எங்கள் பக்கம் ஃபோர் வீல் வண்டி, அதாவது நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் இழுவை போகிற வண்டி, பொழுதுபோக்குக்கு வந்ததல்ல. போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் என்று அடிவாரம் முழுக்க உள்ள ஊர்களிலிருந்து இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்கு விடியும் முன்பே ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கிளம்பும். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி, இந்த மூன்று வழிதான். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறிப் போய் நல்ல ரோட்டை விட்டு விலகினால் அப்புறம் தோட்டத்துக்குள் வெறும் கல்லும் சேறும்தான். மேஜர், கமாண்டர், எம்.எம்.540 என்று பழைய மஹிந்திரா வண்டிகள் இன்னும் இங்கே உயிரோடு இருப்பது அதனால்தான். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், மாலையில் வேலை முடிந்து அசதியில் தூங்கிக்கொண்டே இறங்குவார்கள். அவர்கள் வண்டிக்கு நான் பார்க்கிற வேலையும், வாரக் கடைசியில் மலைக்கு வருகிற இளைஞர்கள் புது மஹிந்திரா தார் வண்டிக்குக் கேட்கிற வேலையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை.

வருகிறவர்கள் முதலில் கேட்பது டயர். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாரின் 16 அங்குல ரிம்முக்குக் கம்பெனி கொடுப்பது 245/75 டயர், அதன் மொத்த விட்டம் ஏறத்தாழ முப்பதரை அங்குலம். அதைக் கழற்றிவிட்டு 33 அங்குல டயர் மாட்டினால் விட்டம் 8 சதவீதம் போல் கூடுகிறது. ஆனால் தரையிலிருந்து கூடுதலாகக் கிடைக்கும் உயரம் அதில் பாதி, அதாவது மூன்று சென்டிமீட்டர் சொச்சம். இந்த மூன்று சென்டிமீட்டருக்கு என்னென்ன கொடுக்கிறோம் என்பதை யாரும் சொல்வதில்லை. மீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 65-ல் போகும். எல்லாக் கியரும் 8 சதவீதம் நீண்டுவிடும், அதனால் ஏற்றத்தில் இழுவை குறையும். அதுகூடப் பரவாயில்லை, ஒரு கியர் இறக்கிப் போட்டு ஏறிவிடலாம். இறக்கத்தில்தான் வினை. கியரில் பிடித்து இறக்கும்போது இன்ஜின் கொடுக்கிற பிடியும் அதே அளவு குறைந்துவிடும். பிரேக் பழைய பிரேக்தான், ஆனால் சக்கரம் பெரிதாகிவிட்டதால் அதே மிதிக்குத் தரையில் கிடைக்கிற விசை குறைவு, சக்கரத்தின் எடையோ அதிகம். பேரிங், ஆக்சில் எல்லாம் இந்த எடையைத் தாங்க வேண்டும். பார்க்க முரட்டுத்தனமாக இருக்கிற அந்த வண்டி, மலை இறங்கும்போது கம்பெனி கொடுத்ததைவிடப் பலவீனமான வண்டி.

காசே இல்லாமல் செய்யக்கூடிய மாடிஃபிகேஷன் ஒன்று இருக்கிறது, காற்றை இறக்குவது. சேற்றிலோ மணலிலோ மாட்டிக்கொண்டால் டயரில் 18, 20 பவுண்டு வரை இறக்கிப் பாருங்கள், டயரின் தடம் நீளமாகப் பரவி வண்டி தானாக மேலேறி வரும். கல் ரோட்டில் கொஞ்சம் இறக்கினால் டயர் கல்லின் மேல் மடங்கிக் கொடுக்கும், இடுப்பு வலியும் பாதி குறையும். ஒரே நிபந்தனை, நல்ல ரோட்டுக்கு வந்ததும் மறுபடி ஏற்றிவிட வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் பக்கச்சுவர் சூடேறி டயர் வெடிக்கும். ஒரு காற்றுமானி, வண்டி பேட்டரியில் ஓடுகிற ஒரு சின்னப் பம்ப், இவ்வளவுதான் செலவு. இதைச் சொன்னால் "அது மட்டும் போதுமாண்ணே?" என்று ஏமாற்றத்தோடு கேட்கிறார்கள். போதும் தம்பி.

அடுத்தது லிஃப்ட் கிட், வண்டியைத் தூக்கி உயரமாக்குகிற சாமான். 2020-ல் வந்த தாருக்கு முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற முழு ஆக்சில் கிடையாது, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். அதைத் தூக்கினால் சக்கரத்தைச் சுழற்றுகிற ஷாஃப்ட் சாய்ந்து, அதிலுள்ள சி.வி. ஜாயின்ட் என்ற மூட்டு எப்போதும் கோணலாகவே சுற்றும். அதன் ரப்பர் உறை கிழியும், கிரீஸ் வெளியே வரும், மண் உள்ளே போகும், கொஞ்ச நாளில் வளைவில் திரும்பும்போது 'கடக் கடக்' என்று சத்தம் கேட்கும். பழைய வண்டிகளிலும் மாருதி ஜிம்னியிலும் ஆக்சில் முழுசாக இருப்பதால் வேறு மாதிரிச் சிக்கல். எவ்வளவு தூக்கினாலும் உயர்வது பாடிதான், ஆக்சிலில் பல்சக்கரங்கள் இருக்கிற டிஃபரென்ஷியல் உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும், கல்லில் முதலில் இடிப்பதும் அதுவே. முன்சக்கரம் திரும்புகிற அச்சின் சாய்வு, கேஸ்டர் கோணம் என்போம், அது மாறி ஸ்டியரிங் அலையும். இதையெல்லாம்விட முக்கியமானது பிரேக் ஹோஸ், சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகிற வளையும் குழாய். வண்டியைத் தூக்கிவிட்டு ஹோஸை மட்டும் பழைய நீளத்திலேயே விட்டிருப்பார்கள். பள்ளத்தில் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது அந்த ஹோஸ் முறுக்கிய கயிறு மாதிரி விறைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அது அறுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும் இந்த வண்டிகள் கம்பெனியிலிருந்து வரும்போதே போதுமான அளவு தயாராகத்தான் வருகின்றன. தாரின் தரை இடைவெளி 226 மில்லிமீட்டர், 650 மில்லிமீட்டர் தண்ணீரைக் கடக்கலாம் என்று கம்பெனியே சொல்கிறது. ஜிம்னிக்கு 210 மில்லிமீட்டர். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் இரு பக்கச் சக்கரத்தையும் சேர்ந்தே சுற்ற வைக்கிற டிஃபரென்ஷியல் லாக், இன்ஜினுக்கு மேலிருந்து காற்று எடுக்கிற குழாய், எல்லாம் கம்பெனியே போட்டுக் கொடுக்கிறது. இதற்கு மேலும் தேவைப்படுகிற பாதை நம் மலையில் எங்கே இருக்கிறது? கொழுக்குமலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். எஸ்டேட் தேனி மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளாவின் சூரியநெல்லி வழியாகத்தான் போக வேண்டும், அதுவும் ஜீப்பில் மட்டும்தான் முடியும். சூரிய உதயம் பார்க்க ஆட்களை ஏற்றிக்கொண்டு இருட்டிலேயே அந்தக் கல் பாதையில் ஏறுகிற ஜீப்புகளைக் கவனியுங்கள். பெரும்பாலானவை சாதாரண டயர், சாதாரண உயரம். ஓட்டுகிற ஆளுக்கு எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை ஏற்ற வேண்டும் என்று தெரியும், அவ்வளவுதான் ரகசியம்.

இப்போது பிரேக். மலையில் ஏறத் தெரியாத வண்டி பாதியில் நின்றுவிடும், அதனால் உயிர் போகாது. இறங்கத் தெரியாத வண்டிதான் ஆபத்து. பழைய மேஜர், கமாண்டர்களில் பெரும்பாலும் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, அதை உள்ளே உரசிப் பிடிக்கிற லைனிங் பிடியை இழந்துவிடும். மிதி கல் மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. இன்னொரு வகை உண்டு, மிதி ஒரேயடியாக உள்ளே இறங்கிவிடும். அது பிரேக் ஆயில் கொதிப்பதால் வருவது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். டாட் 3 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அதுவே 140 டிகிரிக்கு வந்துவிடலாம். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். என் பட்டறைக்கு வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் அந்த ஆயில் டீ டிகாக்ஷன் நிறத்தில்தான் இருக்கிறது, குறைந்தால் மேலே ஊற்றிக்கொள்கிறார்களே தவிர யாரும் மாற்றுவதில்லை.

டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிற ஓட்டுநர்களும் இருக்கிறார்கள், அதிலும் சிலர் இன்ஜினையே அணைத்துவிடுகிறார்கள். இன்ஜின் ஓடாவிட்டால் வேக்வம் இல்லை, அதை வைத்து மிதிக்குப் பலம் சேர்க்கிற பூஸ்டர் இரண்டு மூன்று மிதிக்கு மேல் உதவிக்கு வராது. மிச்சமாகிற டீசல் ஒரு டீக் காசுக்குக்கூட வராது. வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்கள், வண்டி முதலாளிகள் இதைக் கண்டிக்க வேண்டும், ஓட்டுநரை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, டீசல் கணக்கைக் கேட்டு அவரை நெருக்குகிறவரும் முதலாளிதானே.

மற்ற பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓடையைக் கடந்து கரையேறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், ஈரம் காய்ந்துவிடும். ஆழமான தண்ணீரில் இறங்கி வந்திருந்தால் ஆக்சிலின் மூச்சுக்குழல் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். டிஃபரென்ஷியல் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம், அன்றே மாற்றுங்கள். ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான யு.ஜே. கிராஸுக்கும் சேறு படும் மற்ற ஜாயின்ட்டுகளுக்கும் கிரீஸ் ஏற்றுகிற நிப்பிள் இருந்தால் சேற்றில் ஓட்டிய பிறகு கிரீஸ் அடியுங்கள். ஃபோர் வீலை மாதம் ஒருமுறையாவது மண் ரோட்டில் போட்டு எடுங்கள், இல்லாவிட்டால் தேவைப்படும் நேரத்தில் லீவர் அசையாது. ஆனால் காய்ந்த நல்ல ரோட்டில் ஃபோர் வீல் போட்டு வளைவில் திருப்பாதீர்கள், முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வேண்டிய சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கும். மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும்போது சேஸிஸில் உள்ள கொக்கியில்தான் கட்ட வேண்டும், பம்பரில் கட்டாதீர்கள். இரும்புக் கம்பி என்றால் நடுவில் ஒரு கனமான ஈரச் சாக்கைப் போட்டு, வேடிக்கை பார்க்கிற ஆட்களை விரட்டிவிட்டு இழுங்கள். கம்பி அறுந்து வீசினால் காலைத் துண்டாக்கிவிடும்.

அப்புறம் சட்டம். உங்கள் கட்டுரையில் இதுவும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றான ஆர்.சி.யில் உள்ள விவரமும் கம்பெனி கொடுத்த விவரமும் வேறுபடுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. அதே வருடம் திருத்திய சட்டத்தில் 182ஏ பிரிவு வந்தது, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இரும்பு பம்பரை எடுக்கச் சொல்லி மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது, எதிரே நடந்து வருகிறவனுக்கு ஆபத்து என்பதோடு, ஏர்பேக் விரிவதையும் அது கெடுக்கும் என்பதும் ஒரு காரணம். லட்ச ரூபாய் செலவழிக்கச் சொல்லும் கட்டுரையில் இதை நான்கு வரி சொல்லியிருக்கலாம்.

ஆனால் இந்தச் சட்டத்தை அமல்படுத்துகிற விதத்திலும் எனக்கு வருத்தம் உண்டு. செக்போஸ்ட்டில் பிடிபடுவது கண்ணுக்குத் தெரிகிற மாற்றங்கள்தான், விளக்கு, சைலென்சர், பம்பர். பிடிக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை, அந்தக் கூரை விளக்கு எதிரே வருகிறவன் கண்ணைக் குருடாக்குகிறது. அதே செக்போஸ்ட்டில், பின்பக்கம் பாடியை நீட்டி, கூடுதல் பலகை போட்டு, ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை சேர்த்து, எட்டுப் பேர் போக வேண்டிய இடத்தில் பதினைந்து பேரை அடைத்துக்கொண்டு, மொட்டை டயரோடு போகிற ஜீப்புக்கு யாரும் கை காட்டுவதில்லை. அதுவும் மாடிஃபிகேஷன்தானே? சொல்லப்போனால் எல்லாவற்றையும்விட மோசமான மாடிஃபிகேஷன் அதுதான், பட்டை சேர்த்ததால் வண்டி கூடுதல் சுமையைத் தாங்கி நிற்கும், பிரேக்குக்கு அந்த விஷயம் தெரியாது. நானும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், பட்டை சேர்க்கச் சொல்லி வருகிறவர்களைத் திருப்பி அனுப்பினால் அடுத்த பட்டறைக்குப் போவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

வாடகைக்கு ஓடுகிற மஞ்சள் போர்டு வண்டி என்றால் எட்டு வருடம் ஆன பிறகு வருடா வருடம் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுப் பரிசோதனைக்குப் போயாக வேண்டும். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டிக்கு 15 வருடம் கழித்து ஒருமுறை, அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான். தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புகளில் வெள்ளை போர்டுகள் நிறைய இருக்கின்றன. இருபது, இருபத்தைந்து வருடம் ஆன ஒரு ஜீப், தினமும் இரண்டு வேளை மலை ஏறி இறங்குகிறது, அதன் பிரேக் லைனை ஓர் அதிகாரி குனிந்து பார்ப்பது ஐந்து வருடத்தில் ஒரு நாள்.

போக்குவரத்துத் துறைக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு கோரிக்கை. ஏலக்காய் எடுப்பு தொடங்கும் முன், போடியிலும் கம்பத்திலும் ஜீப்புகளுக்கு ஒரு பிரேக் பரிசோதனை முகாம் வையுங்கள். முதல் தடவை அபராதம் போடாதீர்கள், போட்டால் ஒரு வண்டிகூட வராது. டிரம்மைக் கழற்றி லைனிங்கைப் பார்ப்பது, ஹோஸைப் பார்ப்பது, பிரேக் ஆயிலை மாற்றுவது, டயரைப் பார்ப்பது, இவ்வளவு போதும். ஒரு வண்டிக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். ஆயில் செலவை வண்டிக்காரர் கொடுக்கட்டும், வேலைக்குக் கூலி வாங்காமல் வந்து செய்ய நான் தயார், இங்குள்ள மற்ற பட்டறைக்காரர்களையும் கூட்டி வருகிறேன். இடமும் தேதியும் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஜீப் மெக்கானிக் ஒருவர்,
போடிநாயக்கனூர்.