ஏ படத்துக்குக் குழந்தை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏ சான்றிதழ் படம் என்றால் முன்பெல்லாம் மனசு வேறு எங்கோ போகும், இப்போது அரிவாள்தான் ஞாபகம் வருகிறது. கழுத்தறுப்பதை ஸ்லோமோஷனில் நீட்டி முழக்கிக் காட்டுகிறார்கள், அதற்கு விசில் வேறு. போன மாதம் எங்கள் ஏரியா தியேட்டரில் எனக்கு முன்சீட்டில் ஐந்தாறு வயதுப் பையன், அப்பா மடியில், வாய்க்குக் கொண்டுபோன பாப்கார்ன் கையிலேயே நிற்க, திரையை வெறித்துக்கொண்டிருந்தான். வாசலில் டிக்கெட் கிழித்தவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை என்பது சட்டம். பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்கிற யு/ஏ சான்றிதழையே 2024-இல் 7, 13, 16 வயது என்று பிரித்தார்கள். சரி, வாசலில் பார்ப்பது யார்? ஓடிடி இன்னும் மோசம். ஏ படங்களுக்கு வயதைச் சரிபார்க்க வேண்டும் என்று மத்திய அரசின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன, ஆனால் வீட்டில் இருப்பது ஒரே போன், லாக் பிள்ளைக்கும் அத்துப்படி.

படம் பார்த்ததும் எல்லாரும் கத்தி எடுத்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை.

அப்புறம், படங்களில் ரவுடி என்றாலே எங்கள் வடசென்னையின் காசிமேடு, வியாசர்பாடிதானா? 2024 உலகக் கேரம் போட்டியில் 3 தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண்தான், அவரைப் போன்றவர்களைக் காட்ட மட்டும் கேமரா வராது.

முதலில் அரசு தியேட்டர்களில் திடீர் சோதனை நடத்தட்டும், குழந்தையை உள்ளே விட்டால் அபராதம் போடட்டும்.

— ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை