வெந்நீர் மட்டும் போதும்

அன்புள்ள சொக்கு,

மகனைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறாய் என்று படித்ததும் நானும் கிளம்பிவிடலாமா என்றிருந்தது. இங்கே வீட்டு வளவில் ஓடு மாற்றுகிறார்கள், அது முடிகிற வரை காரைக்குடியை விட்டு நகர முடியாது.

குக்கர் எடுத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டவே வேண்டாம், வீண் சுமை. முதலில் என்ன சாப்பிடப் போகிறீர்கள் என்று முடிவு செய், பாத்திரம் அப்புறம். 2000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், சாதாரணப் பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது, கேஸ்தான் தீரும். வெந்நீர் ஊற்றினால் ஆகிவிடுகிற சாப்பாடு என்றால் ஒரு லிட்டர் பாத்திரம், மூடி, ஆளுக்கொரு டம்ளர், ஸ்பூன், கைக்குள் அடங்குகிற கேஸ் அடுப்பு, அவ்வளவுதான்.

பாத்திரம் அலுமினியத்தில் வாங்கு. அதே தடிமனில் எவர்சில்வர் ஏறக்குறைய மூன்று மடங்கு எடை. டைட்டானியப் பாத்திரம் இன்னும் லேசு, ஆனால் விலை அதிகம், தகடும் மெல்லிசு, கஞ்சி வைத்தால் அடிப்பிடிக்கும்.

கேஸ் டப்பாவை ரயிலில் கொண்டுபோகக் கூடாது, இறங்கிய பிறகு வாங்கிக்கொள். வெறும் பியூட்டேன் கடுங்குளிரில் சரியாக எரியாது, ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்ததாகப் பார். காட்டுக்குள் சுள்ளி பொறுக்கி மூட்டலாம் என்று மட்டும் நினைக்காதே.

சாப்பாட்டுக்கு நம்ம ஊர்ப் பண்டத்தை விட்டால் வேறென்ன? மெல்லிய அவலும் கெட்டியாகச் சுண்ட வைத்த புளிக்காய்ச்சலும் போதும். அவலில் வெந்நீர் தெளித்து ஐந்து நிமிடம் மூடி வைத்துப் பிசைந்தால் காலைப் பலகாரம் ஆச்சு. மாவுருண்டை கட்டாயம் எடுத்துப் போ. பாசிப்பருப்பை வாசம் வர வறுத்து, மாவாக்கி, பொடித்த சீனி கலந்து, சூடான நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கை பொறுக்கிற சூட்டிலேயே பிடித்துவிட வேண்டும், ஆறினால் உதிரும். கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவிலும் சீனியிலும் 4தான், அதனால் சுமை பார்த்தால் நெய்க்கு ஈடு இல்லை. மலையேறும்போது பையன் பசி என்று நின்றால் ஒன்றை எடுத்துக் கொடு, அடுப்பே பற்ற வைக்க வேண்டாம்.

உப்புக்கண்டமும் உப்புப் போட்டுக் காயவைத்த கறி என்பதால் கனமே இருக்காது. வீட்டிலேயே பொரித்து, இறுக்கமான டப்பாவில் வை, ராத்திரி கூடாரத்துக்குள் வைக்காதே, வாசத்துக்குக் காட்டுப்பன்றி வரும்.

ஆச்சி போட்டுத் தருகிறேன் என்கிறாள். கறி காய நாலைந்து நாள் நல்ல வெயில் வேண்டும், அதனால் கிளம்புகிற தேதியைச் சீக்கிரம் எழுது.

அன்புடன்,
ராமு