சிவி 148 குழாய் கிடைக்க உதவியோருக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய நண்பர்களே, வணக்கம்.

இருளில் பார்க்க உதவும் கருவி ஒன்றை வீட்டிலேயே செய்து பார்க்க விரும்பி நான் தொடங்கிய வேலை, அதற்கு உயிரான, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் காணும் படமாக மாற்றும் அகச்சிவப்புக் குழாய் கிடைக்காமல் ஓராண்டுக்கு மேலாக மேசையிலேயே கிடந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினர் ‘டேபி’ என்று அழைத்த கருவியில் இருந்த சிவி 148 குழாயைத்தான் நான் தேடினேன். வெள்ளி, ஆக்சிஜன், சீசியம் சேர்ந்த மெல்லிய படலமும் அதற்கு எதிரே ஒளிர்திரையும் மட்டுமே கொண்ட எளிய அமைப்பு அது. சில ஆயிரம் வோல்ட் கொடுத்தால் போதும், மின்னோட்டம் மிகச் சொற்பமே தேவை.

முதலில் நான் வாங்கிய குழாயில் காற்றுப் புகுந்திருந்தது. பார்வைக்குப் புதிதுபோல் மின்னியதால் ஏமாந்தேன். அதன்பின் இங்கிலாந்தில் என் ஊருக்கு அருகே நடந்த பழைய வானொலிச் சாதனச் சந்தையில் சந்தித்த ஓய்வுபெற்ற பொறியாளர், தம்மிடமிருந்த ஐந்து குழாய்களையும் என் கண்முன்னே, கறுப்புத் துணி போர்த்திய அட்டைப்பெட்டிக்குள் வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். வெளிச்சமே படாதபோதும் திரை புகைமூட்டம்போல் ஒளிர்ந்த இரண்டை, நான் பணம் நீட்டியும், விற்க மறுத்துவிட்டார். அந்த மறுப்புக்கே என் முதல் நன்றி.

பழுதான கணினித் திரையிலிருந்து எடுத்த, அதன் விளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சிறு சுற்றான இன்வெர்ட்டரோடு டயோடுகளையும் மின்தேக்கிகளையும் அடுக்கி 3,000 வோல்ட் பெறும் சுற்றை வரைந்து தந்ததோடு, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்தேக்கியில் கை வைக்கக் கூடாது என்று மும்முறை எச்சரித்த அம்மையாருக்கும், டேபியின் மூல மின்கலமான சம்போனி அடுக்கு ஒன்றை, அது செத்துப்போனது என்று சொல்லியே அன்பளிப்பாகத் தந்த நண்பருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். காகித வட்டுகளை நூற்றுக்கணக்கில் அடுக்கிய அந்தக் குச்சியை அலமாரியில் வைத்திருக்கிறேன்.

சென்ற சனிக்கிழமை இரவு, 850 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்.இ.டி. விளக்கைத் தோட்டத்தின் பக்கம் திருப்பியபோது, வேலிச்செடியின் இலைகள் பச்சை நிறத்தில், தலைகீழாகத் தெரிந்தன. முன்வில்லை தலைகீழாக்கும் படத்தை இவ்வகைக் குழாய் நிமிர்த்தித் தராது என்று பொறியாளர் முன்பே சொல்லியிருந்தார். நிமிர்த்திக் காட்டும் கண்ணருகு வில்லையைப் பொருத்தியதும் அடுத்த சந்தைக்குக் கருவியைக் கொண்டுவருகிறேன்; முதலில் அவர்தான் பார்க்க வேண்டும்.

நன்றியுடன்,
உங்கள் நண்பன்