ரூடி வாலிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ரூடி வாலி அவர்களுக்கு,

அமெரிக்கப் பாடகரும் நடிகருமான உங்களைப் பற்றிப் பேச வருகிற எல்லோரும் மெகாஃபோனில்தான் ஆரம்பிக்கிறார்கள். நானும் அங்கிருந்தே வருகிறேன். உங்களுடையது சன்னமான குரல். கொஞ்சம் மூக்காலும் பாடுவீர்கள். நடனக் கூடத்தில் கடைசி மேஜைவரை அது எட்டாது, அதனால் கையில் மெகாஃபோன். அடிவயிற்றிலிருந்து பாடினால்தான் பாடகர் என்றிருந்த காலம். 1928இல் நியூயார்க்கின் ஹை-ஹோ கிளப்பிலிருந்து உங்கள் பாட்டு ரேடியோவில் ஒலித்ததும் நிலைமை தலைகீழானது. மைக்குக்கு முன்னால் கத்த வேண்டியதில்லையே! காதோரம் பேசுவதுபோல நீங்கள் பாட, வீட்டில் ரேடியோ கேட்ட பெண்கள் கிறங்கிப்போனார்கள். ஆண்களுக்கு எரிந்தது. பாஸ்டன் மேடையில் உங்களை நோக்கி கிரேப்ஃப்ரூட் பழம் பறந்தது. அதே ஊர்க் கத்தோலிக்கக் கர்தினால் 1932இல் இப்படிக் கொஞ்சிப் பாடுவதையே கண்டித்தார்.

1929 அக்டோபர் 24, பங்குச் சந்தை சரிந்த வியாழக்கிழமை. ஃப்ளைஷ்மன் ஈஸ்ட் கம்பெனிக்காக என்.பி.சி. ரேடியோவில் உங்கள் நிகழ்ச்சி தொடங்கியதும் அன்றுதான். வாய் அசையாமல் பொம்மையைப் பேசவைக்கும் எட்கர் பெர்கனை 1936இல் அதில் மேடையேற்றினீர்கள். ரேடியோவில் வாய் அசைவதை யார் பார்த்தார்கள்? ஆனாலும் மனிதர் ஜெயித்தார். அடுத்த ஆண்டு நீங்கள் விடுமுறையில் போனபோது, நிகழ்ச்சியை ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கிடம் ஒப்படைத்தீர்கள். கறுப்பினக் கலைஞர் ஒருவர் அப்படி நடத்துவது அன்றைய அமெரிக்க ரேடியோவில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். கஞ்சன், முன்கோபி என்று உங்களுக்கு ஊரெல்லாம் பெயர். அந்தக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சினிமாவுக்கு வருவோம். 1929லேயே 'தி வேகபாண்ட் லவர்' படத்தில் கதாநாயகன் ஆனீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், சுத்த மரக்கட்டை. முகத்தில் ஒன்றுமே ஓடாது. அதற்குள் பிங் கிராஸ்பி இன்னும் கனிவான குரலோடு வந்து மைக்கைப் பிடித்துக்கொண்டார். உங்கள் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டியது.

முடியாமல் போனதற்குக் காரணம் இயக்குநர் பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ். ஏதோ ஒரு படத்தில் நீங்கள் வாயைத் திறந்தாலே தியேட்டர் சிரிப்பதை அவர் கவனித்துவிட்டார். சிரிக்கவைக்கிறோம் என்று உங்களுக்கே தெரியவில்லை என்பதையும் சேர்த்து. அந்த மரக்கட்டை முகத்தை அப்படியே எடுத்து 1942இல் 'தி பாம் பீச் ஸ்டோரி'யில் கோடீஸ்வரன் ஹாக்கன்சாக்கராக உட்காரவைத்தார். ரயிலில் மேல் பெர்த்துக்கு ஏற கதாநாயகி கிளாடெட் கோல்பெர்ட் உங்கள் முகத்தில் கால் வைக்கிறார். மூக்குக் கண்ணாடி நொறுங்குகிறது. இன்னொன்றை மாட்டுகிறீர்கள், அதுவும் போகிறது. நீங்களோ, முகத்தில் ஒட்டியிருக்கும் சில்லுகளைக் கொஞ்சம் எடுத்துவிட முடியுமா என்று மரியாதையாகக் கேட்கிறீர்கள்! வேறு யார் செய்திருந்தாலும் அது வெறும் கோமாளித்தனமாகியிருக்கும். பிறகு அவருக்குத் துணிமணி வாங்கிக் குவித்து, ஒவ்வொரு செலவையும் குட்டி நோட்டில் குறிக்கிறீர்கள். கூட்டிப் பார்ப்பதே இல்லை. நிஜ வாழ்க்கைக் கஞ்சன் இதற்கு எப்படிச் சம்மதித்தார் என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்.

அதைவிடப் பெரிய குறும்பு, ஜன்னலுக்குக் கீழே முழு வாத்தியக் குழுவோடு நீங்கள் 'குட்நைட் ஸ்வீட்ஹார்ட்' பாடும் இடம். பத்து வருஷத்துக்கு முன் ஊரையே மயக்கிய அதே பாணி. மாடியில் கோல்பெர்ட்டும் மயங்குகிறார், ஆனால் சரிந்து விழுவது படத்தில் கணவனாக வரும் ஜோயல் மெக்ரியாவின் கைகளில். உங்கள் பாட்டே உங்களுக்கு எதிரி. கேலி என்று தெரிந்தும் நீங்கள் அதை ஒழுங்காக, சுருதி பிசகாமல் பாடியதால்தான் அந்தக் காட்சி நிற்கிறது.

1961இல் பிராட்வேக்குப் போய், 'ஹவ் டு சக்சீட் இன் பிசினஸ்' நாடகத்தில் ரகசியமாக ஸ்வெட்டர் பின்னும் முதலாளி பிக்லி ஆனீர்கள். 1967இல் அது படமானபோதும் நீங்கள்தான். அதில் கதாநாயகன் ராபர்ட் மோர்ஸோடு சேர்ந்து ஒரு கல்லூரிப் பாட்டைப் பாடுகிறீர்கள். கல்லூரிப் பாட்டுகளின் மேல் மொத்தக் கிண்டல் அது. மெய்ன் பல்கலைக்கழகத்தின் 'ஸ்டெயின் சாங்'கை 1930இல் நாடெங்கும் பிரபலமாக்கியதே நீங்கள்தானே! இந்தத் தடவையாவது தெரிந்தே சிரிக்கவைத்தீர்களா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

அன்புடன்,
உங்கள் பாட்டைவிட நடிப்பை ரசிக்கும் ஒருவன்